கோரைப்பாய் உறையில் ஒரு கடிதம்

கேள்வி: என் கணவர் சென்னையில் வேலை பார்க்கிறார், நான் பிள்ளைகளோடு இங்கே மாமியார் வீட்டில் இருக்கிறேன். எழுத்தாளர் புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்த பிறகு, வரும் பிப்ரவரி 14ஆம் தேதிக்குக் கடையில் விற்கும் வாழ்த்து அட்டையை அனுப்ப மனம் வரவில்லை. அக்கடிதங்களின் நினைவாக என் கையாலேயே என்ன செய்து அனுப்பலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, உங்கள் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அந்த நெல்லைக்காரர் பிழைப்புக்காகச் சென்னையில் இருக்க, கமலா அம்மையார் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்க நேர்ந்த பிரிவில் பிறந்தவை அக்கடிதங்கள். 1948இல் காலமாவதற்குச் சற்று முன், 'ராஜமுக்தி' படவேலையாகப் புனேயில் இருந்தபோதும் எழுதினார். அக்கடிதங்களை இளையபாரதி தொகுத்த நூலுக்குக் 'கண்மணி கமலாவுக்கு' என்று பெயர் இருப்பதால் அது முழுவதும் கொஞ்சல் என்று நினைத்துவிட வேண்டாம். பணக் கவலையும் வீட்டுக் கவலையும் அதில் நிறையவே உண்டு. அவற்றை மனைவியிடம் மறைக்காமல் சொன்னதைத்தான் நான் அன்பு என்று கொள்கிறேன். கமலா அம்மையாரும் சிறுகதைகள் எழுதியவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

ஆகவே, இதய வடிவம் வெட்டி ஒட்டுவதைவிடக் கடிதம் வைக்க ஓர் உறை தைப்பதே பொருத்தம். அதற்குச் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பத்தமடைக் கோரைப்பாய் இருக்கவே இருக்கிறது. முன்பு சப்பங்கட்டை என்ற மரக்கட்டையின் சாயத்தில் தோய்த்தெடுத்த அந்தச் சிவப்பு, இந்த நாளுக்கென்றே அமைந்தது போல் இருக்கும். கோரை ஓடும் திசையில் 10 அங்குலமும், நூல் ஓடும் திசையில் 15 அங்குலமும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே கத்தரியை வைத்துவிடாதீர்கள். பாயின் பாவு (நெடுக்கே ஓடும் இழை) பருத்தி நூல், ஊடை (குறுக்கே ஓடும் இழை) கோரை என்பதால் வெட்டிய மறுகணமே ஓரம் பிரியத் தொடங்கும். குறித்த கோட்டுக்குச் சற்று உள்ளே இரண்டு வரிசை மெஷின் தையல் போட்ட பிறகே வெட்ட வேண்டும். தையல் மிக நெருக்கமாக விழுந்தால் ஊசியே கோரையை அறுத்துவிடும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, கோரை ஓடும் போக்கிலேயே 6 அங்குலம் மேலே மடியுங்கள். குறுக்கே மடித்தால் கோரை ஒடியும். மேலே மிஞ்சும் 3 அங்குலம் மூடியாகும். கல்யாணப் புடவையோடு எடுத்த ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தால், அதையே ஓரப்பட்டியாக வைத்துப் பக்கங்களைத் தைத்துவிடுங்கள்.

உள்ளே வைக்கும் கடிதத்தில் புதுமைப்பித்தனின் வரிகளை எடுத்து எழுத வேண்டாம். அவை கமலா அம்மையாருக்கு உரியவை. பெரியவன் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னான், அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, இராத்திரி எத்தனை மணிக்கு உங்களுக்கு அவர் நினைப்பு வருகிறது என்பதையெல்லாம் உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். கூடவே, பாளையங்கோட்டை முகவரியை உங்கள் கையெழுத்தில் நிரப்பிய இன்லண்ட் லெட்டர்கள் நான்கைந்தை வெறுமையாக வைத்து அனுப்புங்கள். அவர் எழுதி ஒட்டித் தபால்பெட்டியில் போட்டால் போதும்.