வாறுகாலுக்கு அளவு கேக்குறதுக்கு முன்னாடி கலுங்கு வரைக்கும் நடந்துட்டு வாங்க

கேள்வி: காரைக்குடி மாநகராட்சி எல்லையோரத்துல இருக்கு எங்க லேஅவுட். ஐப்பசி கார்த்திகையில ஒரு நல்ல மழை பேஞ்சாலே தெருவுல முழங்கால் தண்ணி, ரெண்டு மூணு நாளைக்கு வடியவே வடியாது. குடியிருப்போர் சங்கத்துல எல்லாரும் சேந்து, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய வாறுகால் (மழைத்தண்ணி வடிகால்) கட்டித் தரச் சொல்லி மனு குடுக்கப் போறோம். எத்தனை அடி அகலம், எத்தனை அடி ஆழம்னு கேக்கணும் சார்?

பதில்: அளவை அப்புறம் பாப்போம். ரெண்டு மூணு நாள் வடியலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. மழை அடிக்கும்போது தண்ணி மளமளன்னு ஏறி, மழை விட்டு ரெண்டு மணி நேரத்துல இறங்கிடுச்சுன்னா வாறுகால் சின்னதுன்னு சொல்லலாம். நாள் கணக்கா நிக்குதுன்னா தண்ணிக்குப் போற வழி அடைபட்டிருக்கு, இல்லன்னா அது போய்ச் சேர வேண்டிய இடமே உங்க தெருவை விட மேடா இருக்கு. இந்த ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க வாசல்ல எம்புட்டுப் பெரிய வாறுகால் கட்டினாலும் அது ஒரு நீளமான தொட்டியா நின்னு கொசு வளக்கும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து பழைய ஊர்களை எடுத்துக்கங்க, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்க வேணா போய்ப் பாருங்க. வளவு, அதாவது வீட்டு நடுக்கட்டு முற்றத்துல விழுற மழைத்தண்ணியைக் கிடாரத்துலயும் தொட்டியிலயும் பிடிச்சது போக மிச்சம் வீதிக்கு வரும், வீதியோர வாய்க்கா வழியா ஊரணிக்கு, அதாவது ஊர்க் குளத்துக்குப் போகும், ஊரணி நிறைஞ்சா மிச்சம் கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, கண்மாய் நிறைஞ்சா கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளியேறுற கல் கட்டு வழியா அடுத்த கண்மாய்க்கு. தண்ணி கடைசியா எங்க போகும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கப்புறம்தான் வீதியே போட்டிருக்காங்க. இப்ப போடுற லேஅவுட்ல பிளாட்டைப் பிரிச்சு கல் ஊனி வித்துட்டுப் போயிடுறாங்க, குறுக்கே ஓடுன வரத்துக்காலை (ஊரணிக்கும் கண்மாய்க்கும் தண்ணி கொண்டு வர்ற வாய்க்காலை) மண்ணைத் தள்ளி மூடியிருப்பாங்க, அது ரெண்டு வருசம் மழை குறைஞ்சா யாருக்கும் ஞாபகமும் இருக்காது.

அதனால மொதல்ல செய்ய வேண்டியது, உங்க தெருத் தண்ணி எங்க போகணும்னு கண்டுபிடிக்கிறது. சர்வே நம்பரை வச்சு புல வரைபடமும் (நிலத்தோட எல்லை அளவுப் படம்) அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகைன்னு வருவாய்த்துறை எழுதி வச்சிருக்குற பதிவேடு) எடுங்க, கிராம நிலமா இருந்தா தமிழ்நிலம் இணையத்துலயே கிடைக்கும், நகர சர்வேயா இருந்தா தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. உங்க பிளாட்டுக்கு மட்டும் எடுத்தா பத்தாது, சுத்தி இருக்குற நம்பருக்கும் எடுக்கணும். அதுல வாய்க்கால் புறம்போக்கு, ஊரணி, கண்மாய்னு எங்கெங்க குறிச்சிருக்கோ அதை கூகுள் எர்த்ல பழைய வருசத்துப் படத்தோட வச்சுப் பாத்தீங்கன்னா தண்ணி போன தடம் தெரிஞ்சிடும். பேப்பர்ல வாய்க்கா இருந்து தரையில இல்லைன்னா உங்க மனுவுல மொத வரி அதுதான்.

அடுத்து நடங்க. உங்க தெருவுல ஆரம்பிச்சு தண்ணி போற பக்கமா ஊரணி, கண்மாய், கலுங்கு வரைக்கும் சங்கத்து ஆளுங்க நாலு பேர் சேந்து நடந்தா பாதி வியாதி கண்ணுக்கே தெரியும். குறிப்பா ரோட்டைக் கடக்குற சிறுபாலம் ஒவ்வொண்ணுலயும் குனிஞ்சு உள்ள பாருங்க. பெரும்பாலும் ரெண்டடி குழாய்தான் போட்டிருப்பாங்க, அதுல பாதிக்கு மண்ணு, நடுவுல குறுக்கே யாரோ கொண்டு போன குடிதண்ணிப் பைப்பு, அந்தப் பைப்புல தண்ணி பாக்கெட் கவரும் பழைய சேலைத்துணியும் சீமைக்கருவேல முள்ளும் சிக்கி அணை கட்டுன மாதிரி நிக்கும். ஆயிரம் மீட்டர் வாறுகாலை இந்த ஒரு இடம் ஒண்ணுமில்லாம ஆக்கிடும்.

ஏன் இப்படிச் சொல்றேன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். உங்க ஏரியாவுக்குத் தண்ணி வந்து சேர்ற நிலம் மொத்தம் 36 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 90 ஏக்கர்னு வைங்க, மணிக்கு 50 மி.மீ. வேகத்துல மழை அடிக்குதுன்னு வைங்க. வடிஞ்சு ஓடுற பங்கு × மழை வேகம் × பரப்பு, அதை 360ஆல வகுத்தா வினாடிக்கு எத்தனை கன மீட்டர்னு வரும். அந்த நிலம் பொட்டலும் பனங்காடுமா இருந்தப்ப பத்துல மூணு பங்குதான் ஓடும், அப்ப 1.5 கன மீட்டர். இப்ப வீடு, கான்கிரீட் ரோடு, வாசல்ல டைல்ஸ்னு ஆனப்புறம் பத்துல எட்டு பங்கு ஓடும், 4 கன மீட்டர் ஆயிடுது. அந்த ரெண்டடி குழாய் சுத்தமா இருந்தாக்கூட 500க்கு 1 சரிவுல முழுசா ஓடுனா வினாடிக்கு கால் கன மீட்டர் கிட்டதான் போகும். இனி உங்க வாறுகால் நாலடியா இருந்தா என்ன, ஆறடியா இருந்தா என்ன, குழாய் விடுறதுதானே கணக்கு! இந்த எண்ணெல்லாம் உதாரணம்தான், உங்க பரப்பை அளந்து போடச் சொல்லி மனுவுலயே கேளுங்க. மத்திய அரசோட மழைநீர் வடிகால் கையேடு 2019ல வந்திருக்கு, அதுல இந்த முறை இருக்கு, பொறியாளர்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஊரணியை அழகுக்குன்னு நினைக்காதீங்க. மேல சொன்ன மழை ஒரு மணி நேரம் பேஞ்சா ஓடி வர்றது 14,400 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் ஊரணி, அதுல ஒரு மீட்டர் காலியா இருந்தா 10,000 கன மீட்டர் பிடிக்கும். மூணுல ரெண்டு பங்குத் தண்ணி அதுலயே நின்னுடும், கீழ இருக்குற குழாய்க்கு நிதானமா அனுப்பலாம். ஊரணி வரத்துக்காலைத் தொறக்குறது வாறுகால் கட்டுறதை விடச் செலவு கம்மி, பலன் அதிகம், இதை நான் அடிச்சுச் சொல்வேன்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. செப்டிக் டேங்க் வழிஞ்சு வர்ற தண்ணியை வரத்துக்கால்ல விடுறதை நிறுத்தணும். பல ஊர்ல ஊரணி நாறிப்போச்சுன்னு ஊர்க்காரங்களே வரத்துக்காலை மண்ணடிச்சு அடைச்சிருக்காங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. மொதல்ல கழிவு இணைப்பைத் துண்டிக்கணும், ஊரணி வாயில மண்ணும் சேறும் தங்குற வண்டல் தொட்டி வைக்கணும், அதுக்கப்புறம் தொறக்கணும். வரிசை மாறுனா ஊர் மறுபடியும் அடைச்சிடும், நியாயமாவே அடைக்கும்.

கொஞ்சம் கசப்பான விஷயமும் சொல்லணும். கண்மாய் நிறைஞ்சு கலுங்கு விழும்போது அந்தத் தண்ணி மட்டம் உங்க தெரு மட்டத்தை விட மேல இருந்தா, வாறுகால் வழியா தண்ணி திரும்பி உள்ளதான் வரும். கொத்தனார்கிட்ட இருக்குற டியூப் லெவலை (மட்டம் பாக்குற தண்ணிக் குழாயை) வச்சே இதைத் தோராயமா பாத்துடலாம், சரியான கணக்குக்கு சர்வேயர் வரணும். அப்படி இருந்தா ஷட்டர் வச்சு பம்ப் அடிக்கிற ஏற்பாடு ஒண்ணுதான் வழி. கலுங்கை உடைச்சு மட்டத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேக்காதீங்க, கீழ வயக்காரங்க தண்ணி அது. ரோட்டை ஒசத்தச் சொல்லவும் வேண்டாம், ஒசத்துனா தண்ணி வீட்டுக்குள்ள வரும். பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கார், அதைச் சொல்லிக் கேக்கலாம்.

மனு எங்கன்னா, மாநகராட்சிக்கு மட்டும் குடுத்தா காரியம் பாதியில நிக்கும். தெரு வாறுகால் அவங்களோடது, மெயின் ரோட்டுச் சிறுபாலம் நெடுஞ்சாலைத்துறையோடது, கண்மாய் 40 ஹெக்டேருக்கு மேல பாசனம் உள்ளதா இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். ஆளாளுக்கு அடுத்த ஆபீசைக் கை காட்டுவாங்க. சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுத்து, எல்லாத் துறையும் சேந்து வந்து பாக்கணும்னு கேளுங்க. ஆக்கிரமிப்பு இருந்தா 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிடலாம், அது நீர்வளத்துறை கண்மாய்க்குப் பொருந்தும்.

வேலையைக் கீழ இருந்து மேல வரச் சொல்லுங்க. கலுங்குக்குப் பக்கத்துல தூர் வாரி, சிறுபாலம் மாத்தி, வரத்துக்கால் தொறந்து, கடைசியாத்தான் உங்க தெரு. மேல மொதல்ல கட்டுனா கீழத் தெரு முங்கும், அவங்க வந்து உங்க வாறுகாலை அடைப்பாங்க. வார்ற சேத்தைக் கரையிலயே போட்டுட்டுப் போக விடாதீங்க, அடுத்த மழையில திரும்ப உள்ளயே விழும், அள்ளிட்டுப் போறதையும் எஸ்டிமேட்ல சேக்கச் சொல்லுங்க.

மனு குடுக்க இன்னும் நாள் இருந்தா ஒரு மழைக்குக் காத்திருங்க. தண்ணி ஏறுன உச்சத்துல சுவத்துல சாக்பீஸ் கோடு போட்டு தேதி, மணி எழுதி போட்டோ எடுங்க, மழை விட்டப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல எடுங்க. வாட்ஸ்ஆப் குரூப்ல ஆளுக்கு ஒரு முக்குன்னு பிரிச்சுக்கிட்டா சுலபம். அந்தப் படங்களையும் புல வரைபடத்தையும் நடந்து பாத்த சிறுபாலங்களோட இடத்தையும் மனுவோட பின் பண்ணிக் குடுங்க, அதுக்குப் பின்னாடி அகலமும் ஆழமும் நீங்க சொல்ல வேண்டியதே இல்ல, அவங்கதான் கணக்குப் போட்டு உங்ககிட்ட காட்டணும்.