இமாடினிப் சாப்பிட்டும் பிசிஆர் அளவு ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு 4 ஆண்டுகளாகத் தினமும் இமாடினிப் 400 மி.கி. சாப்பிடுகிறார். 0.05 சதவீதமாக இருந்த பிசிஆர் அளவு (நோய்க்குக் காரணமான மரபணு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது) இப்போது 1.6 ஆகிவிட்டது. சர்க்கரை நோயும் உண்டு. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு அருகே ‘ஐ.எஸ்.’ என்று இரண்டிலும் இருக்கிறதா? சர்வதேச அளவுகோலில் வராத எண்களை ஒப்பிடவே முடியாது. இருந்தால், ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகு 1 சதவீதத்தைத் தாண்டுவது மருந்து தோற்றதற்கான அறிகுறி. பரிசோதனையை உடனே இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

அடுத்து, மாத்திரை அட்டைகளை எண்ணுங்கள். அப்பாவைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். குமட்டலாலும் கால் பிடிப்பாலும் மாதம் மூன்று நாலு வேளை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அளவு ஏற அதுவே போதும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவை இமாடினிப்பை ரத்தத்தில் குறைத்துவிடும்.

இவை இல்லையென்றால் மியூட்டேஷன், அதாவது மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்ற பரிசோதனை கட்டாயம். கையிலிருந்து எடுக்கும் ரத்தமே போதும். இதைப் பார்க்காமல் மருந்தை மாற்றுவது இருட்டில் கல்லெறிவதுதான். மாற்று மருந்துகளில், எஃப்317எல் என்ற மியூட்டேஷன் வந்தால் டாசாடினிப் சரிப்படாது. ஒய்253எச் வந்தால் நிலோடினிப் சரிப்படாது. டி315ஐ வந்தால் இரண்டுமே பயன்படா. பொனாடினிப் அல்லது அசிமினிப்தான். பொனாடினிப் ரத்தக்குழாய்களை அடைக்கக்கூடியது என்பதால் இதயப் பரிசோதனை முன்கூட்டியே வேண்டும்.

மியூட்டேஷன் எதுவும் இல்லையென்றால் அப்பாவுக்கு நிலோடினிப்பைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அது சர்க்கரையை ஏற்றும், ரத்தக்குழாய்களையும் பாதிக்கும். டாசாடினிப் 100 மி.கி. தினம் ஒருவேளை பொருந்தலாம். ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கக்கூடும். மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை இதனுடன் சாப்பிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். நோய் முற்றிய கட்டத்துக்குப் போயிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். போயிருந்தால் மாத்திரை மட்டும் போதாது. ஸ்டெம்செல் மாற்று சிகிச்சைக்குத் தயாராக வேண்டும். உடன்பிறந்தவர்களின் எச்.எல்.ஏ. (திசு வகை) பொருத்தத்தை இப்போதே பார்த்து வைத்தால், தேவை வரும்போது வாரக்கணக்கில் காத்திருக்க நேராது.

புது மருந்து கைக்கு வரும்வரை, மருத்துவர் சொல்லாமல் இமாடினிப்பை நிறுத்தாதீர்கள்.