புதைந்து கிடக்கும் வார்ப்பிரும்புக் குழாயை நம்பலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் விளையில், கிணற்றடியிலிருந்து தொட்டி வரை தாத்தா காலத்து வார்ப்பிரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது. போன மாதம் ஓரிடத்தில் முறிந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் மற்றபடி முழுசாகத்தான் இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் புது இரும்பில் மாற்றினால் போதுமா?

பதில்: வேண்டாம். முதலில் முறிந்த இடத்தில் மண்ணைக் கழுவிவிட்டு, பேனாக்கத்தியால் அழுத்திச் சுரண்டுங்கள். நல்ல இரும்பு என்றால் கத்தி வழுக்கும், பளிச்சென்று ஒரு கீறல் மட்டும் விழும். கரியாகச் சீவிக்கொண்டு வந்து, விரலில் பென்சில் கரி போல ஒட்டினால் அங்கே இரும்பு மிச்சமில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினாலும் கணீரென்று கேட்காது, மந்தமாகக் கேட்கும்.

பழைய வார்ப்பிரும்பில் ஏறக்குறைய 3 சதவீதம் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி கிராஃபைட், அதாவது பென்சில் கரி, செதில்களாக இரும்புக்குள் பின்னிக் கிடக்கும். ஈரமண்ணில் இந்த இரண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரும்பு கரையும், கிராஃபைட் அப்படியே நிற்கும். அதுவும் துருவும் சேர்ந்து பழைய வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உங்களுக்கு முழுக்குழாய் தெரிகிறது. பல வருடம் ஒழுகாமல்கூடத் தண்ணீர் போகும். மேலே ஒரு லாரி ஏறினால், மோட்டார் சட்டென்று நின்று தண்ணீர் திருப்பி அடித்தால், படக்கென்று முறியும்.

குமரி மாவட்டத்தில் உங்கள் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் இது சீக்கிரம் நடக்கும். இரண்டு பருவமழையும் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் மண்ணில் புளிப்பு அதிகம், பல கிணறுகளிலும் அப்படித்தான். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; பிஎச் 5 என்றால் 6ஐ விடப் பத்து மடங்கு அமிலம். வயலோரம் தோண்டும்போது கறுத்த சேறும் அழுகின முட்டை நாற்றமும் வந்தால், காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாவும் சேர்ந்து அரிக்கிறது என்று அர்த்தம்.

சரி, புது இரும்பை ஏன் வேண்டாம் என்கிறேன்? கிராஃபைட் மட்டும் மிஞ்சிய பழைய குழாயோடு இணைத்தால் புதுத் துண்டுதான் முதலில் அரிபடும். முழு நீளத்தையும் எச்டிபிஇ என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாயாக மாற்றுங்கள். இரும்பேதான் வேண்டுமென்றால் பழையதன் தொடர்பே இல்லாமல், பாலித்தீன் உறை போட்டுப் புதையுங்கள்.

அப்புறம், மண்வெட்டி எடுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பதுண்டு. அப்படியிருந்தால் பிளாஸ்டிக் குழாய் வைத்த அன்றே வீட்டுக்கு எர்த் இல்லாமல் போய்விடும். புது எர்த் போட்டு, சோதித்துவிட்டு, பிறகு பழைய குழாயில் கை வையுங்கள்.