சொல் விளக்கம்: நண்பர்களின் அரட்டைக்கு ஓர் இந்திச் சொல்

கேள்வி: என்னுடன் பணிபுரியும் கான்பூர், லக்னோ நண்பர்கள், உணவங்காடி நிலையத்தில் வெறுமனே பேசிச் சிரிப்பதைப் ‘பக்சோதி’ என்பார்கள். அண்மையில் அவர்களுள் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். “இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?” என்று அவருடைய தாயார் கேட்டபோது அச்சொல்லையே சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏன்?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: ‘சோதி’ என்று முடிவதால் நம் செவிக்கு அது குற்றமற்ற சொல்லாகவே ஒலிக்கிறது. ஆனால், அதன் முற்பகுதி, ‘பிதற்றுதல்’ எனப் பொருள்படும் ‘பக்னா’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘பக்வாஸ்’ என்பதும் அதன் உறவே. பிற்பகுதியோ, உடலுறவைக் குறிக்கும் மிகக் கொச்சையான வினையிலிருந்து பிறந்தது. இளைஞர்கள் நாள்தோறும் சொல்லிச் சொல்லி அந்தக் கொச்சை அவர்களுக்குள் தேய்ந்துபோய், நோக்கமின்றி ஒருவரையொருவர் கலாய்த்துப் பேசுவது என்ற பொருளே மிஞ்சியிருக்கிறது என்றாலும், பெரியவர்களின் காதில் அது இன்னும் வசைச்சொல்தான். 2012இல் தொடங்கிய ‘ஆல் இந்தியா பக்சோத்’ என்ற நகைச்சுவைக் குழுவின் பெயர்கூடப் பெரும்பாலும் ‘ஏஐபி’ என்றே சுருக்கி வழங்கப்பட்டது.

சிங்கப்பூரில் ‘மக்கான்’ (சாப்பிடுதல்), ‘லெப்பாக்’ (வெறுமனே பொழுதுபோக்குதல்) போன்ற அண்டை வீட்டு மலாய்ச் சொற்களை நாம் தயக்கமின்றி எடுத்தாள்கிறோம். அது நல்ல பழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும், ஒரு சொல்லை எவர் வாயிலிருந்து கேட்டோம் என்பதோடு, அவர் அதை எவர் முன்னிலையில் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். உங்கள் நண்பர் தம் தாயாரிடம் அச்சொல்லை ஒருபோதும் சொல்லியிருக்கமாட்டார்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமானது ‘அரட்டை’. ‘கடலை போடுதல்’ பொருந்தாது. அதில் ஆண் பெண் ஈர்ப்பின் சாயல் உண்டு. ‘மொக்கை’ சலிப்பைச் சுட்டுவது. உங்கள் நண்பர்களோ மகிழ்ந்து சிரிக்கிறார்கள். இந்தியிலேயே சொல்ல விரும்பினால், ‘கப்ஷப்’ இருக்கிறது. ‘பேச்சு’ எனப் பொருள்படும் ‘கப்’ என்ற பாரசீகச் சொல்லோடு எதுகையாக ‘ஷப்’ சேர்ந்து உருவான அதனை எந்த வீட்டிலும் கூசாமல் சொல்லலாம்.

அந்த அம்மையாரை அடுத்த முறை காணும்போது, பொருள் அறியாமல் சொல்லிவிட்டதாக நேரில் கூறி, வருத்தம் தெரிவியுங்கள்.