ஸ்கூல் மியூசிக் பாடம்: கம்போசிஷன்ல மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க கேட்ட கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி கம்போசிஷன் பத்திதான். மேடை ஏறி வாசிக்கிறதுக்கு கொஞ்சம் கூட பயப்படாத பிள்ளைங்க கூட வெறும் பேப்பர் முன்னாடி உட்கார்ந்ததும் அப்படியே உறைஞ்சு போயிடுறாங்க, அதனால அதுக்கே நிறைய இடம் குடுத்திருக்கேன். எத்தனை பீஸ், எத்தனை நிமிஷம், எதுக்கு எத்தனை மார்க்குங்கிறது பரீட்சை நடத்துற போர்டுக்கு போர்டு மாறும். உங்க சிலபஸையும் மார்க் ஸ்கீமையும் டீச்சர்கிட்ட கேட்டு வாங்கி ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, ஏன்னா நிறைய பேர் கோர்ஸ் முடியுற வரைக்கும் அதை பார்க்கிறதே இல்ல.

கேள்வி: மூணு வாரமா தினமும் ஒரு புது ட்யூன் போட்டு பார்க்கிறேன், எதுவுமே பத்து செகண்டை தாண்ட மாட்டேங்குது. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

நீங்க ஏற்கனவே ஆரம்பிச்சாச்சு, ஒரு தடவை இல்ல, பதினஞ்சு இருபது தடவை ஆரம்பிச்சிருக்கீங்க. புது ட்யூன் தேடுறதை இன்னைக்கே நிறுத்துங்க. இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக்கங்க, பிரமாதமா இருக்கணும்னு அவசியமே இல்ல, பாடினா ஞாபகம் நிக்குதான்னு மட்டும் பாருங்க, அது போதும். பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனி (1808-ல முதல் தடவை வாசிச்சாங்க) ஆரம்பிக்கிறது மூணு குட்டை நோட், ஒரு நீள நோட், அவ்வளவுதான். அந்த நாலு நோட்டை வச்சுதான் முதல் மூவ்மென்ட் (சிம்பொனியோட முதல் பகுதி) முழுக்க ஓடுது. கம்போசிஷன்ல ஐடியாவை வளர்க்கிறதுக்குன்னு தனியா கவனிச்சு மார்க் போடுவாங்க, அதை பாதி பேர் கவனிக்கிறதே இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன், கீபோர்டு பக்கத்துல இருந்தா வாசிச்சுக்கிட்டே படிங்க. சி டி ஈ ஜி, இந்த நாலு நோட்தான் உங்க ஐடியா. இதையே ஒரு படி மேல தள்ளினா டி ஈ எஃப் ஏ, இதுக்கு பேர் சீக்வென்ஸ். ஏறுறதை இறங்குறதா கவுத்தா ஜி எஃப் ஈ சி, இது இன்வெர்ஷன். பின்னாடி இருந்து படிச்சா ஜி ஈ டி சி. எல்லா நோட்டோட நீளத்தையும் ரெண்டு மடங்கு ஆக்கி கீழ் ஸ்தாயி (பேஸ்) வாசிக்கிற இடது கைக்கு குடுங்க, மேல வேற ஏதாவது ஓடட்டும். கடைசி ரெண்டு நோட்டை மட்டும் பிச்சு எடுத்து ஈ ஜி, ஈ ஜின்னு திரும்ப திரும்ப வச்சா அடுத்த பகுதிக்கு போறதுக்கு ஒரு பரபரப்பு தானா வந்துடும். இப்ப உங்க கையில அஞ்சு விதம் இருக்கு, புதுசா ஒரு ட்யூன் கூட யோசிக்கல, கேக்கிறவங்களுக்கு எல்லாம் ஒரே குடும்பம்னு காது தானா சொல்லிடும்.

இதை வச்சு முதல்ல நாலு பார் (ஒரு பார்னா தாளத்தோட ஒரு சுற்று, 4/4-ல நாலு பீட்) எழுதி 5-வது கார்ட்ல (ஸ்கேலோட 5-வது நோட்ல இருந்து கட்டுற கார்ட், சி மேஜர்ல ஜி பி டி) நிறுத்துங்க, கேள்வி கேட்ட மாதிரி தொக்கி நிக்கும். அடுத்த நாலு பார் அதே மாதிரி ஆரம்பிச்சு 1-வது கார்ட்ல வந்து உட்காரட்டும். எட்டு பார் ஆச்சா? அதுக்கு "ஏ"ன்னு பேர் வச்சுக்கங்க, வேற மூட்ல இன்னொரு எட்டு பார் எழுதினா அது "பி". "ஏ ஏ பி ஏ"ன்னு அடுக்கினா 32 பார். 4/4-ல நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல ஒரு பார் 2 செகண்ட், அப்ப 64 செகண்ட் ம்யூசிக் ரெடி. திரும்ப வர்ற ஏ எதுவும் முதல் ஏவோட ஜெராக்ஸா இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் நான் கண்டிப்பா சொல்றது.

கேள்வி: நான் கம்ப்யூட்டர்ல லூப் (திரும்ப திரும்ப ஓடுற சின்ன துண்டு) வச்சு பண்றேன். சவுண்டு நல்லாத்தான் இருக்கு ஆனா டீச்சர் "டெவலப்மென்ட் இல்ல"ன்னு எழுதி குடுத்துட்டாங்க. திரும்ப திரும்ப வர்றது தப்பா?

தப்பே இல்ல. ராவெல் 1928-ல எழுதின பொலேரோவை கேளுங்க. ஸ்நேர் டிரம்ல ஒரே ரிதம், மேல ரெண்டே ரெண்டு மெலடி, சுமார் கால் மணி நேரம் அதேதான் திரும்ப திரும்ப வருது. ஆனா ஒவ்வொரு தடவையும் வாசிக்கிற கருவி மாறுது, ஆள் சேர்ந்துக்கிட்டே போறாங்க, சத்தம் காதுக்கே கேக்காத அளவுல இருந்து மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அலர்ற வரைக்கும் ஏறுது, அவ்வளவு நேரமும் சி மேஜர்லயே இருந்துட்டு முடியுற நேரத்துல திடீர்னு ஈ மேஜருக்கு தாவும் பாருங்க, அந்த ஒரு தாவலுக்காகத்தான் அவ்வளவு நேரம் காக்க வச்சிருக்கார்.

உங்க ப்ராஜெக்டை திறந்து எட்டு பாருக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு மாறுதான்னு பாருங்க. டிரம்மை எடுத்துட்டு ஒரு நாலு பார் விடலாம், பேஸ் மட்டும் தனியா நிக்கலாம், மெலடி ஒரு ஆக்டேவ் மேல போகலாம், மெலடிக்கு எதிரா இன்னொரு குட்டி லைன் வரலாம். பெரும்பாலானவங்க சேர்த்துக்கிட்டேதான் போவாங்க, எடுக்கிறதுக்கு மனசு வராது, ஆனா எடுத்தாத்தான் திரும்ப வரும்போது உறைக்கும். கீ மாத்தணும்னா சி மேஜர்ல இருந்து ஏ மைனருக்கு போறது ரொம்ப சுலபம், நடுவுல ஒரு ஈ மேஜர் கார்ட் வைங்க, அதுல இருக்கிற ஜி ஷார்ப் உங்களை இழுத்துக்கிட்டு போய் ஏ மைனர்ல விட்டுடும். (இந்த ஜி ஷார்ப்பை மறந்துட்டு ஈ மைனரே போட்டுட்டு ஏன் முடிஞ்ச மாதிரி இல்லன்னு கேக்கிறவங்க நிறைய பேர்.) அப்புறம் வெலாசிட்டி, அதாவது நோட்டை எவ்வளவு பலமா அடிக்கிறோம்ங்கிற நம்பர், அது 0-ல இருந்து 127 வரைக்கும் போகும், மவுஸ்ல போட்ட எல்லா நோட்டும் ஒரே நம்பர்ல நிக்கும், ஃப்ரேஸ் ஏறும்போது கொஞ்சம் கூட்டி இறங்கும்போது குறைச்சாலே உயிர் வந்துடும். ரெடிமேட் லூப் எதுவும் யூஸ் பண்ணியிருந்தா அது எதுன்னு ஒளிக்காம எழுதிடுங்க, நீங்க உருவாக்கினதுக்குத்தான் மார்க்.

கேள்வி: எட்டு வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு இருக்கேன். ஸ்கூல்ல எல்லாம் வெஸ்டர்ன். நான் கத்துக்கிட்டது இங்க வேஸ்ட்டா, இல்ல கம்போசிஷன்ல யூஸ் பண்ணலாமா?

இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். வேஸ்ட்னு சொல்லவே சொல்லாதீங்க, உங்க கிளாஸ்ல இருக்கிறவங்க இப்பத்தான் கத்துக்கிற பல விஷயம் உங்களுக்கு வேற பேர்ல ஏற்கனவே தெரியும். மேஜர் ஸ்கேல்னா சங்கராபரணத்தோட ஸ்வரங்கள். நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மானிக் மைனர் கீரவாணி. மோடு (மேஜர், மைனர் மாதிரி இன்னும் சில ஸ்கேல் வகைகள்) பத்தி பாடம் வரும்போது டோரியன்னா கரஹரப்ரியா, லிடியன்னா கல்யாணி, மிக்ஸோலிடியன்னா ஹரிகாம்போஜி, ஃப்ரிஜியன்னா தோடின்னு ஸ்வர வரிசையை வச்சு ஞாபகம் வச்சுக்கங்க. ராகம்னா வெறும் ஸ்கேல் இல்ல, கமகமும் (ஸ்வரத்தை அசைச்சு வளைச்சு பாடுறது) பிடிப்பும் சேர்ந்ததுதான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா பரீட்சைக்கு இந்த கணக்கு பெரிய உதவி.

இன்னொண்ணு, அதுதான் முக்கியம். ஒரு பல்லவி வரியை சங்கதி சங்கதியா பாடுறோமே, முதல்ல நேரா, அப்புறம் ஒரு இடத்துல கொஞ்சம் வளைச்சு, அப்புறம் இன்னும் மேல ஏத்தி, அதுதான் மெலடிக் வேரியேஷன். மேல முதல் கேள்வியில நான் மூச்சு வாங்க சொன்னது பூரா உங்க வாயில ஏற்கனவே இருக்கு.

சிக்கல் வர்ற இடம் ஹார்மனி. மோகனத்தை "சி" நோட்ல ஆரம்பிச்சா சி டி ஈ ஜி ஏ, இதுல வெளி நோட் தொடாம முழுசா கட்ட முடியற மூணு நோட் கார்ட் ரெண்டே ரெண்டுதான், சி மேஜரும் ஏ மைனரும். அதனால கார்ட் தேடி அலையாம கீழ ச ப-வை தம்புரா மாதிரி விடாம ஒலிக்கிற ட்ரோனா வச்சுட்டு மேல ரெண்டு குரலை ஒண்ணை ஒண்ணு துரத்த விடலாம். மாயாமாளவகௌளை எடுத்தா சி மேஜருக்கு பக்கத்துலயே டி ஃப்ளாட் மேஜர் கிடைக்கும், எஃப் மைனரும் கிடைக்கும், அந்த மூணை வச்சே ஒரு முழு பீஸ் எழுதலாம், அவ்வளவு கலர். கீரவாணியில 5-வது கார்ட் தானாவே மேஜரா வரும், வெஸ்டர்ன் காதுக்கு அது உடனே பிடிபடும். தாளத்துல மிஸ்ர சாபு எடுத்தா 7/8, 3+4-ன்னு பிரிச்சு எழுதிடுங்க.

மதிப்பெண் போடுறவங்களுக்கு ராகம் பழக்கம் இல்லாம இருக்கலாம், அதனால எந்த ஸ்வரங்கள், எந்த இடத்துல கமகம், ஏன் இந்த தாளம்னு கம்போசிஷனோட வைக்கிற குறிப்புல தெளிவா நாலு வரி எழுதுங்க, நல்ல ரெக்கார்டிங்கும் குடுங்க, ஏன்னா கமகத்தை ஸ்டாஃப் நொட்டேஷன்ல (அஞ்சு கோட்டுல எழுதுற வெஸ்டர்ன் முறை) முழுசா பிடிக்க முடியாது. ரெண்டு இசையும் ஒட்டாதுன்னு யாராவது சொன்னா மனசு தளராதீங்க, முத்துசாமி தீட்சிதர் (1775–1835) வெஸ்டர்ன் ட்யூன்களுக்கு சங்கராபரணத்துல சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம்னே ஒரு தொகுதி நமக்கு இருக்கு.

கேள்வி: ஃப்ளூட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் எழுதினேன். கம்ப்யூட்டர்ல அருமையா கேக்குது, ஃப்ரெண்ட்ஸ் வாசிச்சா அலங்கோலமா இருக்கு.

கம்ப்யூட்டர் மூச்சு விடாது, அதான். ஃப்ரேஸுக்கு ஃப்ரேஸ் ரெஸ்ட் வைங்க. ஃப்ளூட்டோட கீழ எல்லை நடு சி, அந்த ஏரியாவுல சத்தம் மெலிசாத்தான் வரும், அங்க மெலடி வச்சுட்டு பியானோவை பலமா வாசிக்க சொன்னா ஃப்ளூட் காணாம போயிடும். கிளாரினெட் பெரும்பாலும் பி ஃப்ளாட்ல இருக்கும், "சி"ன்னு எழுதினா பி ஃப்ளாட்தான் கேக்கும், அதனால வாசிக்கிறவருக்கு குடுக்கிற பேப்பரை ஒரு முழு டோன் மேல மாத்தி குடுக்கணும். ரெண்டு பேரும் வேற வேற கீல வாசிச்சிருந்தா அலங்கோலத்துக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும். மியூஸ்ஸ்கோர் மாதிரி இலவச சாஃப்ட்வேரே சரியான கருவியை தேர்ந்தெடுத்தா இதை தானா பண்ணிடும். எழுதி முடிச்சிட்டு குடுக்காம பாதியிலயே கொண்டு போய் வாசிக்க சொல்லுங்க, அவங்க சொல்ற "இந்த இடம் கையில வரல"ங்கிற ஒரு வார்த்தை பத்து புத்தகத்துக்கு சமம்.

கேள்வி: லிசனிங் பேப்பர்லதான் (இசையை கேட்டு பதில் எழுதுற பரீட்சை) மார்க் போகுது. கேக்கும்போது புரியுது, எழுத வரல.

எழுத வராததுக்கு காரணம் பெரும்பாலும் வார்த்தை இல்லாததுதான். "சோகமா இருக்கு"ன்னு எழுதினா மார்க் இல்ல. மைனர் கீ, மெதுவான டெம்போ, செல்லோ கீழ் ஸ்தாயியில மெலடி வாசிக்குது, அதனால சோகமா இருக்குன்னு எழுதினா மார்க். என்ன கேட்டுச்சு, எங்க கேட்டுச்சு, அதனால என்ன ஆச்சு, இந்த மூணும் ஒரே வாக்கியத்துல வரணும். தினமும் ஒரே ஒரு பாட்டு, எது வேணாலும், ரெண்டு தடவை கேளுங்க, முதல் தடவை கருவி, தாளம், வேகம், அடுத்த தடவை டெக்ஸ்சர், கீ, அமைப்பு. ஒரு குரல் மட்டும்னா மோனோஃபோனிக், மெலடியும் கூட கார்டும்னா ஹோமோஃபோனிக், தனித்தனி லைன்கள் பின்னிக்கிட்டு போனா பாலிஃபோனிக்.

கேடன்ஸ் (ஒரு ஃப்ரேஸ் எந்த கார்ட்ல எப்படி முடியுதுங்கிறது) குழப்பம்னும் ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. கார்ட் பேரை கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க, மனசுக்கு என்ன தோணுதுன்னு பாருங்க. வீடு வந்து சேர்ந்தாச்சுன்னா 5-1, பெர்ஃபெக்ட். "அப்புறம்?"னு கேக்க தோணுச்சுன்னா 5-ல நிக்குது, இம்பெர்ஃபெக்ட். வீடு வந்துடுச்சுன்னு நினைச்சு கதவை திறந்தா வேற வீடா இருக்குன்னா 5-6, இன்டரப்டட். சர்ச்ல பாட்டு முடிஞ்சு ஆமென் சொல்ற மாதிரி மெதுவா இறங்கினா 4-1, பிளேகல்.

டிக்டேஷன் (கேட்ட மெலடியை நோட்ஸா எழுதுறது) வந்தா முதல்ல ரிதத்தை மட்டும் புள்ளி வச்சு குறிச்சுக்கங்க, ஸ்வரம் அடுத்த தடவை கேக்கும்போது. ரெண்டையும் ஒண்ணா பிடிக்க போய் ரெண்டும் கை நழுவிப் போறதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

கேள்வி: பெர்ஃபார்மன்ஸுக்கு கஷ்டமான பீஸ் எடுக்கலாமா, ஈஸியானதா?

ரெக்கார்டிங் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி நிறுத்தாம வாசிக்க முடியுற பீஸ். கஷ்டத்துக்கு தனி மார்க் இருக்கிற போர்டும் உண்டு, ஆனா தடுக்கி தடுக்கி வாசிச்சா அதுல கிடைக்கிறது வேற இடத்துல போயிடும். வராத ரெண்டு பாரை மெட்ரோனோம்ல பாதி வேகத்துல வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, எப்பவும் முதல்ல இருந்தே ஆரம்பிச்சா முதல் பக்கம் மட்டும்தான் நல்லா வரும்.

கேள்வி (ஒரு அம்மா கேட்டது): பொண்ணு நல்லா பாடுவா, நோட்ஸ் படிக்க தெரியாது. இந்த பாடம் எடுக்க விடலாமா?

விடுங்கம்மா. பாடுறதும் வாசிப்புதான், குரலும் ஒரு கருவிதான். தினம் பத்து நிமிஷம்னு லீவுல ஆரம்பிச்சா ஒரு ட்ரெபிள் கிளெஃப் (மேல் ஸ்தாயி நோட்ஸுக்கான குறி) வரியை பார்த்து படிக்கிறது கைக்கு வந்துடும், அவ ஏற்கனவே பாடுற பாட்டோட நோட்ஸையே முதல்ல குடுங்க, காதுக்கு தெரிஞ்சதை கண்ணு சீக்கிரம் பிடிச்சுக்கும்.

கேள்வி: ஏஐ கிட்ட ட்யூன் கேட்டு வாங்கி கொஞ்சம் மாத்தி குடுத்தா தெரியுமா?

தெரியுமா தெரியாதாங்கிறதை விடுங்க, கோர்ஸ்வொர்க் (மார்க்குக்காக நீங்க செஞ்சு குடுக்கிற வேலை) உங்க சொந்த வேலைன்னு நீங்க கையெழுத்து போட வேண்டி வரும், டீச்சரும் கூட போடுவாங்க, பொய்யில அவங்களையும் சேர்த்து மாட்டி விடாதீங்க. அதை விட, "இந்த இடத்துல ஏன் மைனருக்கு போன?"ன்னு டீச்சர் கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது, சொந்தமா தப்பும் தவறுமா எழுதினவனுக்கு இருக்கும்.

அதனால எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன், ஒவ்வொரு வாரமும் ஃபைலை தேதி போட்டு தனித்தனியா சேவ் பண்ணுங்க, பழசு மேலயே எழுதாதீங்க. பீத்தோவன் ஒரு ட்யூனை எத்தனை தடவை அடிச்சு திருத்தினாருங்கிறது அவரோட ஸ்கெட்ச் புக்ஸ்ல இன்னைக்கும் பார்க்கலாம். உங்க பழைய ஃபைல் எல்லாம் அந்த மாதிரிதான், யாராவது சந்தேகப்பட்டா அதுதான் சாட்சி, அதோட மூணாவது வாரம் வேண்டாம்னு தூக்கி போட்ட நாலு பார் பல தடவை பி பகுதிக்கு சரியா வந்து உட்காரும்.