காலண்டரில் காலியாக இருந்தால் போய்ப் பேசலாமா?

நண்பரே, சீனியரின் கூகுள் காலண்டரில் 3 மணி காலியாக இருந்ததைப் பார்த்து அவர் இடத்துக்கே போனீர்கள், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலையைப் பலர் காலண்டரில் போடுவதே இல்லை. மீட்டிங்கை மட்டும்தான் போடுவார்கள். வெள்ளையாகத் தெரிகிற அந்தக் கட்டம்தான் பல நேரம் அவர்களுடைய நிஜமான வேலை நேரம்.

நான் பார்ப்பது காலி இடத்தை அல்ல, மீட்டிங் முடிகிற நேரத்தை. 4 மணிக்கு முடிகிறதென்றால் எப்படியும் எழுந்து டீக்கு வருவார். கூடவே நடந்தபடி கேட்டுவிடலாம். அடுத்த மீட்டிங் ஒட்டியே இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். பாவம், தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது.

காலண்டரில் மீட்டிங் அழைப்பே அனுப்புவதானால் 15 நிமிடம் போதும். அவரை ஆப்ஷனல் (வருவது கட்டாயமில்லை) என்று குறியுங்கள், தலைப்பில் விஷயத்தை எழுதுங்கள். வெறும் 'பேசணும்' என்று வந்தால் யாருக்கும் பதற்றம்தான். இன்னொன்று: 'பிஸி' என்று மட்டும் தெரிந்தால், விவரம் உங்களுக்குப் பகிரப்படவில்லை என்று அர்த்தம். அது என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நாளை முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.