அமெரிக்காவில் ‘இரண்டாம் திருத்தப் புகலிடம்’ என்றால் என்ன?

மாநில அரசு கொண்டுவரும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஏற்கமாட்டோம், அமல்படுத்த எங்கள் பணமும் ஆட்களும் கிடைக்காது என்ற போக்கில் ஓர் உள்ளாட்சி மன்றம் போடும் தீர்மானம்தான் இது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்திலிருந்து பெயர் வந்தது.

வர்ஜீனியா மாநிலத்தைப் பாருங்கள். 2019 நவம்பர் தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியிடம் போயின. மேலே தடுக்க ஆளில்லை என்றானதும் துப்பாக்கி உரிமையாளர்கள் கீழே இறங்கினார்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) மன்றக் கூட்டங்களில் போய் நிறைந்தார்கள். வேட்டை அன்றாடமாக இருக்கும் கிராமப்புறத்தில் மன்ற உறுப்பினர் பெரும்பாலும் தெரிந்த முகம். அவரால் எப்படி மறுக்க முடியும்? சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளும் ஊர்களும் தீர்மானம் நிறைவேற்றின. 2020 ஜனவரி 20 அன்று தலைநகர் ரிச்மண்டில் ஏறக்குறைய 22,000 பேர் திரண்டார்கள், பலர் துப்பாக்கியோடு. ஆளுநர் முன்கூட்டியே நெருக்கடி நிலை அறிவித்திருந்தார். ஆனால் பேரணி அமைதியாகவே முடிந்தது.

வீட்டு வரி உயர்வை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் போடும் தீர்மானம் போன்றதுதான் இதுவும்: வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அடுத்த தேர்தலில் நிற்பவருக்குச் சேதி போய்ச் சேரும்.

சேதி ஓரளவு சேரவும் செய்தது. எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணிச் சோதனை உட்படப் பல சட்டங்கள் அந்த ஆண்டே வந்துவிட்டன. தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான தடை மசோதா மட்டும், ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் சிலரே பின்வாங்கியதால், செனட் குழுவிலேயே நின்றுபோனது.

புகலிடம் என்று அறிவித்த கவுண்டியில் மாநிலச் சட்டம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். செல்லும், இந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு இல்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2019 டிசம்பரிலேயே கருத்துரைத்துவிட்டார்.